பெயர்ப் பலகை இல்லாத பைண்டிங் கடை

குன்னூர் மவுண்ட் ரோட்டிலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கும் படிக்கட்டு ஒன்றில், ஒரு தையல் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கடை. பத்துக்குப் பத்து இருக்கும். பெயர்ப் பலகை கிடையாது. பைண்டிங் பெரியவர் கடை எது என்று கேட்டால் தையல்காரரே கை காட்டுவார்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கணக்கு எழுதச் சேர்ந்தவள். இப்போது பேப்பர் வாங்குவது, டோனர் மாற்றுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் என் தலையில். இரண்டு வருடமாக எங்கள் ஆபீஸின் ஒன் சைடு பேப்பர், அதாவது ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள், இந்தக் கடைக்குப் போய் ரஃப் பேடாகத் திரும்பி வருகிறது. கடையைப் பற்றி நல்லதும் சொல்ல இருக்கிறது, ஒரு பெரிய குறையும் இருக்கிறது.

முதலில் கணக்கு, தொழில் அப்படி. ஆபீஸில் ஒன்பது பேர். மாதம் சராசரி பத்து ரீம் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 31, செப்டம்பர் 30 என்று வருமான வரிக் கெடு நெருங்கினால் பதினாலு பதினைந்துகூடப் போகும். ஒரு ரீம் 500 தாள். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 என்றால் எடை 2.3 கிலோ சொச்சம். ஆக மாதம் 23 கிலோ வெள்ளைத் தாள் மலையேறி எங்கள் ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் ரீம் 270 ரூபாய்க்கு வாங்குகிறோம், கிலோவுக்கு 115 ரூபாய் விழுகிறது. அதே தாள் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது கிலோ பத்து ரூபாய். எந்தக் கிளையண்டாவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டு வந்தால் எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். சொந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்கிறேன் என்று நான் முதலில் செய்தது சுத்த அசட்டுத்தனம். ஒரு பக்கம் அச்சான தாள்களைச் சேர்த்து, திருப்பிப் பிரிண்டரிலேயே போட்டேன். கோயம்புத்தூர் வெயிலில் அது நடக்கலாம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் மேஜைமேல் வைத்த தாள் சாயங்காலத்துக்குள் அப்பளம் மாதிரி நமுத்துவிடும். நமுத்த தாள் லேசர் பிரிண்டரின் சூட்டு உருளைக்குள் போய் வந்தால் ஈரம் ஆவியாகி ஓரம் சுருளும். சுருண்டதை இரண்டாம் முறை விட்டால் நேராகப் போகாமல் மடங்கிச் சிக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மூடியைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில், யாரோ எடுக்காமல் விட்ட ஸ்டேப்ளர் பின் ஒன்று உள்ளே போய் உருளையின் உறையைக் கிழித்துவிட்டது. மெக்கானிக் கீழே இருந்து வந்து மாற்றிக் கொடுத்ததற்கு 3,400 ரூபாய். பன்னிரண்டு ரீமுக்கு மேல் வாங்கியிருக்கலாம். சார் ஒன்றும் சொல்லவில்லை. வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

புது ரீமுக்கும் இந்த ஈரம்தான் எதிரி. பிரித்த பொட்டலத்தை அப்படியே விடாமல் உறையோடு சுற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு துணிப் பீரோவுக்குள் 40 வாட் பல்பு ஒன்று எரியும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. எங்கள் ஸ்டேஷனரி பீரோவிலும் அதையே வைத்தேன். அப்புறம்தான் புதுத் தாளில் இரண்டு பக்க அச்சு சிக்காமல் வர ஆரம்பித்தது. குண்டு பல்பு இப்போது லேசில் கிடைப்பதில்லை. எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. பீரோவுக்குள் வெளிச்சம் யாருக்கு வேண்டும்?

சரி, கடைக்கு வருகிறேன். முதல் கட்டு பதினொரு கிலோ. சாக்கு நூலால் கட்டி, நானும் ஆபீஸ் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். படிக்கட்டின் அடியில் காட்டெருமை ஒன்று யாரோ வைத்திருந்த ரோஜாத் தொட்டியை மோந்துகொண்டு நின்றது. அது நகரும்வரை இருபது நிமிடம் கட்டோடு மேலேயே நின்றோம். குன்னூர்க்காரர்களுக்கு இது செய்தியில்லை. வெளியூரிலிருந்து வந்து கடையைத் தேடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அவசரப்பட்டு இறங்க வேண்டாம்.

பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். காரமடைப் பக்கத்துக்காரர். மலையில் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பைண்டராக இருந்தவர். அது மூடும்போது, தனக்கு வர வேண்டிய பாக்கிக்குப் பதில் அங்கிருந்த கட்டிங் மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் பாதி இடம் அதற்குத்தான்.

கட்டை அவிழ்த்தார். வங்கிக் கேஷியர் நோட்டு எண்ணுகிற மாதிரி கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இரண்டு அடுக்காகப் பிரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. முடிந்ததும் பெரிய அடுக்கை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"இதெல்லாம் கொண்டு போயிருங்க அம்மணி. ஆகாது."

ஏன் ஆகாது என்று கேட்டதற்கு அவர் சொன்னதை வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன். பின் இருந்தால் கத்தியின் முனை பல்லுப் பல்லாகப் போய்விடும். "சாணை புடிக்கக் கோயமுத்தூருக்குத்தான் அனுப்போணும், ஒரு வாரம் கடை படுத்துக்கும்." பின் எடுத்திருந்தாலும் மூலை கிழிந்திருந்தால் தட்டி அடுக்கும்போது நிற்காது. லீகல் சைஸ் தாளை ஏ4-ஓடு கலந்து கட்டினால் வெட்டுகிறபோது நீளமானதில் அச்சுப் பகுதி நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். மை டேங்க் பிரிண்டரில் அடித்ததில் பசையின் ஈரம் பட்டால் எழுத்து பரவும். கார்டு மெஷின் பில்லும் ஏடிஎம் சீட்டும் வரவே கூடாது. அவற்றில் மை என்று ஒன்று இல்லை, சூடு பட்டால் கறுக்கிற ரசாயனப் பூச்சுதான் இருக்கிறது. பழைய பேப்பரோடு மில்லுக்குப் போனாலும் அவற்றால் கெடுதல்தான் என்றார். அதுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். "மூஞ்சி போட்டோ இருக்கறது எனக்கு வேண்டாங்க." ஆதார் நகல், பாஸ்போர்ட் நகல், பான் கார்டு நகல் எல்லாவற்றையும் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பதினொரு கிலோவில் தேறியது நாலரைக் கிலோ. அதிலிருந்து பத்தொன்பது பேட் வந்தது. ஏ4-ஐ நடுவில் வெட்டி, வெள்ளைப் பக்கம் எல்லாம் மேலே வருமாறு நூறு தாளுக்கு ஓர் அட்டை வைத்து, திருகு பிரஸ்ஸில் இறுக்கி, தலைப்பக்கம் பசை தடவிக் காலிகோ துணி ஒட்டுகிறார். ஒரு ராத்திரி காய்ந்தபின் மற்ற மூன்று பக்கமும் ஒரு சீவு. அடியில் வைக்கிற சாம்பல் நிற கிரே போர்டும் கழிவுத் தாளில் செய்ததுதான். பேடுக்கு 18 ரூபாய் கூலி, தாள் நம்முடையது. கடையில் ஐம்பது தாள் ஸ்க்ரிப்ளிங் பேட் 35 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம்.

பேட் எப்படி இருக்கிறது? அருமை என்றுதான் சொல்ல வேண்டும். கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கூட்டல் போட அளவாக இருக்கிறது. தாள் சுத்தமாகக் கிழிந்து வருகிறது. பால் பாயிண்டும் ஜெல் பேனாவும் நன்றாக ஓடுகின்றன. பின்பக்கத்து அச்சு லேசாக நிழல் தட்டும். எனக்கு அது தொந்தரவில்லை. சாருக்குத் தொந்தரவு. வேறு எவனோ போட்ட கூட்டல் கீழே தெரிந்துகொண்டிருந்தால் தன் கூட்டல் மேல் சந்தேகம் வருகிறது என்கிறார். அவருக்கு மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளையான பேட் தனியாக வாங்குகிறோம்.

பழைய லெட்ஜர் தைப்பதிலும் பெரியவர் கெட்டிக்காரர். மைதா பசையில் துளி மயில்துத்தம் கலந்துதான் ஒட்டுவார், பூச்சி அரிக்காது. இங்குள்ள பழைய எஸ்டேட் கணக்குப் புத்தகங்கள் சில அவர் கைபட்டு நிற்கின்றன. ஆனால் அதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் முடியாது.

குறைகள். மழைக்காலத்தில் அவர் சொல்லும் "நாளைக்கு" என்பதை நம்ப வேண்டாம். பசை காய வேண்டும், கடையில் வெயில் விழாது. ஒருமுறை ஒன்பது நாள் ஆனது. ஜனவரியில் காற்று வறண்டு பனி விழுந்த வாரம் ஒரு செட் பேட் முழுக்கத் தலைப்பக்கம் வெடித்துத் தாள் தாளாக உதிர்ந்தது. காசு வாங்காமல் திரும்ப ஒட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜிபே கிடையாது, சில்லறையாகத்தான் கொடுக்க வேண்டும். இவை எல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ரசீது. எனக்கு வவுச்சருக்கு ரசீது வேண்டும். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ போனபோது பெரியவர் ஒரு சின்னப் பில் புக்கிலிருந்து சீட்டைக் கிழித்து, அழகான கையெழுத்தில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வவுச்சரில் ஒட்டப் பசை எடுத்துவிட்டுச் சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் எங்கள் கிளையண்டான தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் டிரையல் பேலன்ஸில், அதாவது எல்லாக் கணக்கின் பாக்கியையும் தொகுத்த பட்டியலில், கால்வாசி இருந்தது. அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் யார் யார் கொளுந்துக்கு எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஊர் பெயரோடு, ஆள் பெயரோடு, ரூபாயோடு.

கை ஜில்லென்று ஆகிவிட்டது. பேடுக்கு நூறு நூறாக எடுத்ததுபோக மிஞ்சிய தாள்களை வீணாக்குவானேன் என்று கால் கால் துண்டாக வெட்டித் தனக்கே ஒரு பில் புக் போட்டுக்கொண்டிருக்கிறார். தொண்ணூறு சீட்டுப் புத்தகம். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மூஞ்சி இருக்கிற தாளை அவர் ஒதுக்கினார். ரூபாய்க் கணக்கு இருக்கிற தாளை ஒதுக்க வேண்டியது யார்? பத்தொன்பது வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிற நான்தான்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எங்கள் ஸ்டேஷனரியிலிருந்து அச்சடிக்காத பில் புக் இரண்டு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் 64 சீட்டு இருந்தது. ஒன்று என்னிடம். மிச்சம் 25 சீட்டு குன்னூரில் எங்கெங்கோ போயிருக்கிறது: பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புராஜெக்ட் பைண்டிங்குக்கு, ஒரு லாட்ஜின் ரெஜிஸ்டருக்கு. எல்லாவற்றிலும் இதே பட்டியல் இல்லை என்பது ஓர் ஆறுதல். சாரிடம் சொன்னேன். அவர் அப்போதே அந்தக் கிளையண்டுக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னார். பெரியவரிடம் விஷயத்தை விளக்கியபோது அவர்தான் ரொம்பச் சங்கடப்பட்டார். "நம்பருதானேன்னு உட்டுட்டனுங்க" என்றார். இப்போது யார் கட்டுக் கொண்டு வந்தாலும், பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவிழ்க்கிறார்.

அதிலிருந்து பிரிப்பது முழுக்க எங்கள் மேஜையில்தான். பேடுக்குப் போகிற பெட்டியில் இப்போது சர்க்குலர், அறிவிக்கை நகல், காலி ஃபார்மட், பிரிண்டர் டெஸ்ட் பேஜ் மாதிரியானவை மட்டும். கிளையண்ட் பெயரோ எண்ணோ இருந்தால் அது ஷ்ரெட்டருக்கு. கணக்குப் புத்தகங்களுக்கு வேறு கெடு இருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் விதிப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு வருடம், ஜிஎஸ்டிக்கு ஆண்டுக் கணக்கின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம். அதுவரை தொட மாட்டோம்.

ஷ்ரெட்டர் வாங்கியபின் ஒரு புதுத் தலைவலி. துண்டு துண்டான தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்க மறுத்துவிட்டார். காற்றில் பறக்கிறது, மூட்டை நிற்பதில்லை, மில்லிலும் விலை இல்லை என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தாளின் பலமே நார்தான். ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும், ஐந்து முதல் ஏழு சுற்றோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ஷ்ரெட்டர் முதல் சுற்றிலேயே அதைக் கொத்திவிடுகிறது. அதனால் தேவையில்லாததை ஷ்ரெட்டரில் போடாதே என்று ஆபீஸ் தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த இயந்திரத்தின் சத்தம் அவனுக்குப் பிடிக்கும், அதுதான் கஷ்டம். இப்போதைக்குப் பீங்கான் கப் விற்கும் கிளையண்ட் ஒருவர் பார்சலுக்குள் திணிக்க அந்தத் துண்டுகளை வாங்கிப் போகிறார்.

இப்படிப் பிரிக்க ஆரம்பித்ததும், இதில் பாதியை ஏன் அச்சடித்தோம் என்ற கேள்வி தானாக வந்தது. சரக்கு லாரிக்கு இ-வே பில்லை (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) மூன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தோம். டிரைவரிடம் எண் இருந்தாலே போதும் என்று விதியிலேயே இருக்கிறது. வருமான வரித் தளத்திலிருந்து வரும் ஏஐஎஸ் அறிக்கை, அதாவது ஒருவருடைய வருட வரவு, முதலீட்டு விவரங்களின் தொகுப்பு, சிலருக்கு நாற்பது பக்கம் ஓடும். அதை முழுக்க அச்சடித்து, மூன்று வரியில் டிக் போட்டு, கோப்பில் வைப்போம். இப்போது திரையிலேயே டிக். மாதம் ஆறு ரீமில் நிற்கிறோம்.

எங்கள் பிரிண்டருக்கு மேலே 'ஒரு தாள், ஒரு மரம்' என்று யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கணக்குத் தெரிந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். நாங்கள் வாங்குவது கரூர் புகளூரில் இருக்கும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசின் காகித நிறுவனம்) ஆலைத் தாள். அங்கே கரும்புச் சக்கைதான் முக்கியமான கச்சாப் பொருள். நம் முதுமலைக் காட்டை ஆக்கிரமித்திருக்கும் மஞ்சள் கொன்றை, அந்த அயல்நாட்டு சென்னா மரம், வெட்டப்பட்டுக் கூழுக்குப் போவதும் அதே ஆலைக்குத்தான். அந்த மரம் வெட்டப்பட்டால் காட்டுக்கு நல்லது. ஆனால் சக்கையாக இருந்தாலும் மரமாக இருந்தாலும் கூழாக்கத் தண்ணீர் வேண்டும், கொதிக்க வைக்க எரிபொருள் வேண்டும், மலைப்பாதையின் பர்லியார் வளைவெல்லாம் ஏற லாரி வேண்டும். அதை ஸ்டிக்கரில் எழுத இடம் பற்றாது. கிழித்துவிட்டேன்.

போன மாதம் கட்டோடு போனபோது பெரியவர் தராசில் வைத்தார். ஒன்றே முக்கால் கிலோ. "என்ன அம்மணி, கட்டு எளச்சுட்டே போகுது?" என்றார். குறையாகச் சொன்னாரா, கேலியாகவா என்று தெரியவில்லை. பின் எடுத்து, மூலை நேராக்கி, ஏ4 மட்டும் வைத்து, பேர் பார்த்துக் கொண்டுபோனதில் அவர் திருப்பித் தந்தது மூன்றே மூன்று தாள். அவருக்கு வேலை குறைகிறதே என்று எங்கள் பழைய டே புக் (தினசரி கணக்குப் புத்தகம்) நான்கைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். பொங்கலுக்குள் தருகிறேன் என்றிருக்கிறார், பார்ப்போம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். காலை பத்தரைக்குத் திறப்பார், ஞாயிறு விடுமுறை, மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே தூங்குவார், தட்ட வேண்டாம். சில்லறை எடுத்துப் போங்கள். ரசீது வாங்கினால் பையில் போடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்த 25 சீட்டில் ஒன்று உங்களிடம் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.